மேல்வீட்டுக் கடலுக்குச் சுண்ணாம்புச் சத்து

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரையிலிருந்து ஒழுகியது.

அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு மாலை, வேறொரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தாளின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். (ஏன் நாக்கில் வைத்தேன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவர்களுக்கு எதையும் ருசி பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு.) உப்புக் கரித்தது. கடல் இங்கிருந்து வெகு தூரம். என் தலைக்கு மேலே இருப்பது இன்னொரு மாடி. அங்கே கடல் இருக்க நியாயமே இல்லை.

சண்டை போடுவது என்று தீர்மானித்து, வசனங்களைப் படியேறும்போதே திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டு, மேல்வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் ஒரு பல் டாக்டர். பேச வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கீழ்வீட்டு எழுத்தாளர்தானே? வாங்க வாங்க! சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க. இந்தக் குழாயைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். கூடத்தின் ஒரு சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சம். பாறைகளின் மேல் பவளங்கள். ஒன்று மூளை போல மடிந்து, ஒன்று மான்கொம்பு போலக் கிளைத்து, ஒன்று யாரோ கோபத்தில் கசக்கி எறிந்த தாள் போல. தொண்டை வரைக்கும் வந்திருந்த சண்டையை விழுங்கிவிட்டேன். கீழே இறங்கியபோது என்னிடம் நஷ்ட ஈடு எதுவும் இல்லை. ஒரு கதை இருந்தது.

2

கதை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எழுதிப் பார்த்ததில்லை. என் தொடக்கங்களை மறைக்காமல் இங்கே வைக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சி: "கடல் ஒரு தாய். அவள் மடியில்—" (போதும். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் முயற்சி: "பல் டாக்டர் பவளங்களை இவ்வளவு நேசித்ததற்கு அவருடைய இளமையில் நடந்த ஒரு—" (இளமையில் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். "நல்லா சாப்பிட்டேன், நல்லா படிச்சேன்" என்றார்.)

மூன்றாம் முயற்சி: "எந்த மிஷினை வாங்குவது என்று பல் டாக்டருக்குத் தெரியவில்லை." இது சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் பொய் சொல்லாத வாக்கியம் என்று நினைத்து வைத்துக்கொண்டேன். அதுவும் பொய் என்று பின்னால்தான் தெரிந்தது.

பாத்திரங்களிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. டாக்டரின் மனைவி பாலம் கட்டும் இன்ஜினியர். கணவருக்குப் பல், மனைவிக்குக் கான்கிரீட். இரண்டுக்கும் உயிர்நாடி கால்சியம். வீட்டில் கால்சியம் தின்னும் தொட்டி. இதை நான் கற்பனையில் செய்திருந்தால் நீங்களே என்னை ஏளனம் செய்வீர்கள். அதனால் முதல் வரைவில் அந்த அம்மாவை இசை ஆசிரியை ஆக்கினேன். மூன்று பக்கம் வாசித்தார், பாடினார், கதை நகரவே இல்லை. உண்மை சில சமயம் கூச்சநாச்சம் இல்லாமல் இப்படித்தான் பொருந்தித் தொலைக்கிறது. திரும்ப இன்ஜினியரே ஆக்கிவிட்டேன்.

3

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. தூங்கிவிடாதீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

பவளம் கல் இல்லை, உயிர். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, உறிஞ்சித் தனக்கு எலும்பு கட்டிக்கொள்கிறது. கடலில் அதற்குப் பஞ்சமில்லை. வீட்டுத் தொட்டியில் இருப்பதோ கையளவுக் கடல். பவளம் வளர வளரச் சத்து குறையும், யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுவதற்கு இரண்டு கரைசல்கள். ஒன்றில் கால்சியம், மற்றதில் அதற்குத் துணையான காரம். அளவாக ஊற்றினால் பவளத்துக்குச் சாப்பாடு. அளவு மீறினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைத் தூளாகி, தண்ணீரே பாலாகிவிடும்.

(இந்த இடத்தில் கணவன் மனைவியைப் பற்றி ஓர் உவமை எழுதக் கை துறுதுறுத்தது. கையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.)

எவ்வளவு சத்து இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துப் பொடி போட்டால் இளஞ்சிவப்பாகும். பிறகு ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சட்டென்று நீலமாக மாறும்போது நிறுத்தி, எத்தனை செலவானது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

டாக்டருக்கு அந்த இளஞ்சிவப்பும் அந்த நீலமும் ஒன்றுதான். இரண்டும் சாம்பல். பிறவியிலேயே அப்படி. க்ளினிக்கில் பொய்ப்பல்லுக்கு நிறம் பார்த்துச் சொல்வதே நர்ஸ்தான். வருகிற நோயாளிகளுக்கு இது தெரியாது, வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை. ஆகவே வீட்டில் ஒரு வழக்கம். மாலையில் இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். டாக்டர் நடுங்காத கையால் சொட்டு விடுவார். இன்ஜினியர் அம்மா குப்பியையே பார்த்துக்கொண்டிருந்து, "போதும்" என்பார். நடுவில் உலகத்துப் பேச்செல்லாம் பேசுவார்கள். யாருக்கு எந்தப் பல் போனது, எந்தத் தூணில் விரிசல் வந்தது, எல்லாம் அங்கேதான் நடக்கும்.

4

அந்த மேசைக்கு ஆபத்து ஒரு பாலத்தின் வடிவில் வந்தது.

எங்கோ தூரத்தில், அகலமான ஓர் ஆற்றின் குறுக்கே, இன்ஜினியர் அம்மா வாழ்நாள் முழுக்கக் கட்ட ஆசைப்பட்ட அளவில் ஒரு பாலம். தலைமைப் பொறுப்பு அவருக்கு. இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும்.

"பெரிய விஷயம்! தாராளமா போ" என்றார் டாக்டர். முகமெல்லாம் சிரிப்பு. பல் டாக்டரின் சிரிப்பை நம்பாதீர்கள், தொழில் முறையில் பழகியது.

"தொட்டியை யார் பாப்பாங்க? உங்களுக்கோ க்ளினிக்கே சரியா இருக்கு. ரெண்டு நாள் ஊத்த மறந்தா போச்சு. தானா ஊத்தற மிஷின் ஒண்ணு வாங்கி, அது ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டுத்தான் நான் சரின்னு சொல்லுவேன். நிறம் பாக்கறதுக்கு வாரம் ஒரு நாள் குப்பியில தண்ணி எடுத்துட்டுப் போய் நர்ஸ்கிட்ட காட்டுங்க."

"எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருக்கே."

"பாலம் கட்டறவ வேற என்ன பண்ணுவா?"

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது. மிஷின் தேர்வாகிவிட்டால் மனைவி கிளம்பிவிடுவார். தேர்வாகாத வரைக்கும் கிளம்ப மாட்டார்.

5

கடைக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன், கதைக்குத் தீனி வேண்டுமே. கடைக்காரருக்குத் திமிங்கலம் என்று பேர். உடம்பைப் பார்த்து வைத்தது. வாயைப் பார்த்தும் வைத்திருக்கலாம். வாடிக்கையாளரைப் பேசவிடாமல் விழுங்குகிற ரகம்.

"மூணு வழி இருக்கு டாக்டர். முதல்ல இது, டோசிங் பம்பு. ரெண்டு கேன், ரெண்டு டியூப். குமிழைத் திருப்பி அளவு வச்சிட்டா, நாள் முழுக்க துளித்துளியா அதுவே ஊத்தும்."

"டியூப் அடைச்சுக்கிட்டா?"

"அடைக்காது."

"அடைச்சுக்கிட்டா?"

"அப்ப ரெண்டாவது பாருங்க. கால்சியம் ரியாக்டர்! ராஜா மாதிரி!" ஆளுயரக் குழாய் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "உள்ள செத்த பவளத்தோட எலும்புத் துண்டு. பக்கத்துல கேஸ் சிலிண்டர். கேஸ் விட்டா தண்ணி லேசா அமிலமாகும், எலும்பைக் கரைச்சு, அந்தச் சத்தைத் தொட்டிக்கு அனுப்பும்."

டாக்டரின் முகம் கறுத்துவிட்டது. "அமிலம் கால்சியத்தைக் கரைக்கும். அதானே? அதுக்குப் பேரு சொத்தைப்பல். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதை எதிர்த்துத்தான் நான் பிழைப்பு நடத்தறேன். அதையே வீட்ல நடுக்கூடத்துல வச்சுக் கும்பிடச் சொல்றீங்களா?"

"அப்ப மூணாவது. சுண்ணாம்புத் தண்ணி கலக்கி. தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி மட்டும் மெதுவா தொட்டிக்குப் போகும். எளிமை, பழைய முறை."

இது அன்று மாலை மேசைக்குப் போனது. இன்ஜினியர் அம்மா கேட்ட மாத்திரத்தில் கையை உதறினார். "சுண்ணாம்பு விஷயத்துல நான் யாரையும் நம்ப மாட்டேன். எந்நேரமும் கலக்கிட்டே இருக்கற பொருள் அது. எங்கயாவது ஒரு வால்வு திறந்தபடி நின்னுடுச்சுன்னா மொத்தமும் உள்ள போயிடும், மீனெல்லாம் மிதக்கும்."

அடுத்த ஞாயிறும் கடைக்குப் போனோம். அதற்கடுத்த ஞாயிறும். பம்பில் ஜெர்மன் பம்பு நல்லதா வேறு நல்லதா, டியூப் மெல்லியதா தடித்ததா, சிலிண்டர் நிற்கும் மூலையில் வெயில் படுமா படாதா. திமிங்கலமே வாயடைத்துப் போகும் அளவுக்கு டாக்டர் கேள்வி கேட்டார்.

"அங்க பாலத்தையே கட்டி முடிச்சுடுவாங்க போல, நீங்க இன்னும் பம்பு பாக்கறீங்க" என்றார் இன்ஜினியர் அம்மா. கடைசியில் பொறுமை போய், ஒரு சனிக்கிழமை அவரே டோசிங் பம்பை வாங்கிவந்து, டியூபை மாட்டி, குமிழை அளவுக்குத் திருப்பி வைத்துவிட்டார்.

"இனிமே இந்தக் குமிழ் உங்க பொறுப்பு. நான் தொட மாட்டேன்."

அந்த வீட்டில் ஒரு சட்டம். அவர் வரைபடத்தை இவர் தொடக்கூடாது, இவர் சமாசாரத்தை அவர் தொடக்கூடாது. (சட்டம் பிறந்த கதை: ஒரு முறை டாக்டர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பால வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தார். ஆறு சிவப்பாக இருந்தது.)

6

சில நாட்களுக்குப் பிறகு மாடிப்படியில் டாக்டர் என்னை மடக்கினார். திருட்டு முழி முழித்தார்.

"எழுத்தாளரே, ஒரு விஷயம். வெளிய சொல்லக்கூடாது."

எழுதுகிறவனிடம் வந்து இப்படிச் சொல்கிறவர்களை என்ன செய்வது? சத்தியம் செய்தேன்.

"நான் குமிழைக் கொஞ்சம் கொறச்சு வச்சேன்."

"எதுக்கு?"

"மிஷின் சரியில்லன்னு ஆகட்டும்னுதான். சோதனை நம்பர் இறங்கினா அவ கவலைப்படுவா, கிளம்பறது தள்ளிப்போகும். பவளம் சாகற அளவுக்கு இல்ல, சும்மா கொஞ்சம்." அசடு வழிந்தார். "ஆனா இறங்கவே மாட்டேங்குது! சாயங்காலம் சோதனை பண்ணா அதே நம்பர். இன்னும் கொறச்சேன். அதே நம்பர். கேன்ல தண்ணி மட்டும் ஒழுங்கா குறையுது. நேத்து முழுசாவே நிறுத்திட்டேன். இன்னிக்கும் குறைஞ்சிருக்கு! மிஷினுக்குச் சொந்தமா புத்தி இருக்குமோ?"

எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மர்மக் கதையாக மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்து ஒரு பக்கம் எழுதினேன்: "கூடத்தின் மூலையில் அந்த மிஷின் தன் ஒற்றை விளக்கால் அவரையே—" (கிழித்தாயிற்று.)

7

மர்மம் மொட்டை மாடியில் உடைந்தது. துணி காயப்போட வந்த இன்ஜினியர் அம்மா, கையில் கிளிப்புகளோடு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவருக்குத் தெரியக்கூடாது."

மறுபடியும் சத்தியம். அந்த மாதம் எனக்குச் சத்தியம் நல்ல விளைச்சல்.

"அந்த மிஷின் சரியா ஓடலை. காலைல அவர் குளிக்கப் போனப்பறம் நான் தனியா சோதனை பண்ணிப் பாக்கறேன். ராத்திரிக்குள்ள நம்பர் இறங்கியிருக்கு. அதனால அந்தக் கேன்லயிருந்தே ரெண்டையும் அளந்து எடுத்து, நானே கையால ஊத்திடறேன். சாயங்காலம் அவரோட பாக்கும்போது சரியா இருக்கும்."

"அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"சொன்னா அவருக்குக் கொண்டாட்டம். 'பாத்தியா, மிஷின் உதவாது'ன்னு ஆரம்பிச்சுடுவார். அவர் மனசார அனுப்பணும்னுதான் மறைச்சு வச்சு ஊத்தறேன்." கிளிப்பைத் துணியில் மாட்டாமல் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டு நின்றார். "ஆனா நான் போனப்பறம் யார் ஊத்துவா?"

கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "குமிழைப் பாத்தீங்களா?"

"தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேனே."

"பாக்கறதுக்கென்ன?"

"பாத்தா அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்."

(கூர்மையான வாசகர் ஒருவர் இந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவார் என்று தெரியும். பாலம் கட்டுகிற ஆள், ஒரு மிஷின் ஓடவில்லை என்றால் முதலில் அதன் குமிழைப் பார்க்காமல் இருப்பாரா என்று. எனக்கும் அதே சந்தேகம்தான். பார்த்துவிட்டு என்னிடம் மறைத்தாரா, பார்க்கப் பயந்தாரா? ஓட்டையை அடைக்காமல் விட்டிருக்கிறேன். உங்கள் வசதிப்படி எட்டிப் பாருங்கள்.)

8

ஆக, ஒரே தொட்டியில் கணவர் குறைக்கிறார், மனைவி கூட்டுகிறார், கணக்கு நேராகிறது. பவளங்கள் இவ்வளவு சீரான பராமரிப்பை ஜென்மத்தில் பார்த்திருக்காது. உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

நல்ல மனிதனாக இருந்தால் அன்றே இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன். எனக்கோ கதை நடுவில் நின்றது. சொல்லிவிட்டால் ஏழாம் பகுதியோடு முடிந்துபோகும், பத்திரிகையில் அதற்கு ஒரு பக்கம்கூடத் தர மாட்டார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: இன்ஜினியர் அம்மா காலையில் குமிழைப் பார்த்துவிடுகிறார். கையும் களவுமாக மாட்டிய டாக்டர் காலில் விழுகிறார். (இந்த டாக்டர் விழ மாட்டார். இடுப்பு வலி.)

முடிவு ஆ: அந்த அம்மா கிளம்பிப் போகிறார். பவளம் ஒவ்வொன்றாக வெளுக்கிறது. டாக்டர் தொட்டியின் முன் உட்கார்ந்து அழுகிறார். (பவளத்தைக் கொன்று உங்களை அழவைக்கிற ஆள் நான் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் எந்தப் பவளமும் சாகாது. படபடப்பில்லாமல் படியுங்கள்.)

முடிவு இ: மிஷினுக்கு உண்மையாகவே சொந்த புத்தி— (வேண்டாம்.)

நான் இப்படி விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இருவரும் எனக்குச் சொல்லாமல் தங்கள் கதையை முடிக்கப் பார்த்தார்கள். பாத்திரங்களை நம்பக்கூடாது.

9

டாக்டர் யோசித்தார். (இனி வருவதில் பாதி, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாயிலிருந்து கேட்டது. மீதியை நானே இட்டு நிரப்பினேன்.) மிஷினை நிறுத்தினாலும் ஓடுகிறது. இறக்கினாலும் இறங்க மாட்டேன் என்கிறது. இதற்கு மேலும் அதனோடு போராடுவது அசிங்கம். அவர் முதல் முறையாக அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தார். சோதனை மேசையில் பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் கைகள் காற்றில் தூண் தூணாக எழும்பும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. வியாழக்கிழமை குமிழைத் திரும்ப ஏற்றிவைத்தார். பாவம் செய்தவருக்கே உரிய தாராளத்தோடு, பழைய அளவுக்கும் மேலே, எவ்வளவு போகுமோ அவ்வளவு. ஞாயிறு காலை சொல்லிவிடுவது என்று முடிவு: கிளம்பு, மிஷின் பார்த்துக்கொள்ளும்.

இன்ஜினியர் அம்மாவும் அதே வியாழன் யோசித்தார். ஓடாத மிஷினை நம்பி உயிர்களை விட்டுவிட்டுப் போவது பொய். அதைவிடப் பெரிய பொய், எல்லாம் சரியாக இருப்பதாகத் தினமும் அவர் எதிரே உட்கார்ந்து நடிப்பது. பாலம் யார் கட்டினாலும் நிற்கும். ஞாயிறு காலை சொல்லிவிடுவது: நான் போகவில்லை. காலைச் சோதனையை விட்டுவிட்டார், ஊற்றுவதை மட்டும் அதுவரைக்கும் விடவில்லை. இனி இங்கேயே இருக்கப் போகிறோமே என்று கொஞ்சம் கையை நீட்டித் தாராளமாகவே ஊற்றினார்.

அந்த நாட்களில் மாலைச் சோதனை நடக்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்று இருவருக்கும் பயம். ஒருவருக்குத் தலைவலி வந்தது, மற்றவருக்கு வேலை வந்தது.

பாவம், அந்தத் தொட்டிக்கு இரண்டு பேரின் தியாகமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது.

10

ஞாயிறு காலை மேலேயிருந்து ஒரு கத்தல். "எழுத்தாளரே! வீட்ல இருக்கற வாளி எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க!"

ஓடினேன். தொட்டியில் கடலைக் காணவில்லை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வைத்தது போல் இருந்தது தண்ணீர். மீன்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. மிஷினின் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். டாக்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் வைத்து வாளியில் இறக்கினார், இன்ஜினியர் அம்மா புதிதாய்க் கலந்த உப்புத் தண்ணீரை ஏற்றினார், நான் வாளி சுமந்தேன். தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்து மான்கொம்புப் பவளத்தின் நுனி தெரிந்தபோதுதான் மூவருக்கும் மூச்சு வந்தது.

"நான்தான் காரணம்" என்றார்கள் இருவரும், ஒன்றாக.

"நீ என்ன பண்ணே? நான்தான் குமிழை ஏத்தி வச்சேன்."

"எதுக்கு ஏத்தினீங்க?"

"இறக்கி வச்சிருந்தேன். அதான் ஏத்தினேன்."

"எவ்வளவு இறக்கியிருந்தீங்க?"

"முழுசா."

இன்ஜினியர் அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "அப்ப மிஷின் ஓடவே இல்ல."

"ஓடிச்சே! நிறுத்தினப்பறமும் ஓடிச்சு! நம்பர் குறையவே இல்லயே!"

"அது நான்."

"எது நீ?"

"காலைல நீங்க குளிக்கப் போனப்பறம் நான்தான் கையால ஊத்தினேன். தினமும்."

டாக்டர் மிஷினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி மிஷினைப் பார்த்தார். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார். டாக்டரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. எனக்கு மட்டும் நன்றாக வந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அந்த அம்மா நிறுத்திவிட்டார்.

"எதுக்கு இறக்கினீங்க?"

"அது வந்து, மிஷின் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு—"

"மிஷின் பேச்சு வேண்டாம்."

"தொட்டிக்கு எது நல்லதுன்னு—"

"தொட்டியும் வேண்டாம்." கவிழ்த்த வாளியை அவர் எதிரே இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "நல்லா வாயைத் திற. திறந்து சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று மட்டுமே அழைத்த வாய் அது. டாக்டர் ஒரு நோயாளியைப் போலவே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு நீ போகக் கூடாது" என்றார். "சொன்னா நீ நின்னுடுவே. அதான் சொல்லலை. சொல்லாம குமிழைத் திருப்பிட்டு இருந்தேன், கோழை மாதிரி." கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "ஆனா நீ எனக்காக நின்னுட்டேன்னு வை. அந்தப் பாலத்தை வேற யாரோ திறப்பாங்க. பேப்பர்ல வர்ற அந்தப் படத்தை நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்து பாப்போம். நீ 'நல்லா கட்டியிருக்காங்க'ன்னு சொல்லுவே. அந்தக் குரலைக் கேக்கற தெம்பும் எனக்கு இல்ல. ரெண்டுல எதையும் என்னால தாங்க முடியாது. இதான் உண்மை. இப்ப நீ சொல்லு."

இன்ஜினியர் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எழுதி எழுதிக் கிழித்த முடிவு இதோ வாசலில் நிற்கிறது, அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போய்விடலாம். அப்போதுதான் அந்த அம்மா தலையைத் திருப்பினார், என் பக்கம்.

"ஏங்க, உங்களுக்கு ரெண்டும் தெரியும்ல?"

"எந்த ரெண்டு?"

"அவர் இறக்கினதும் தெரியும், அதான் அன்னிக்குக் குமிழைப் பாத்தீங்களான்னு கேட்டீங்க. நான் ஊத்தினதும் தெரியும்."

டாக்டரும் திரும்பினார். "அட, ஆமா! படியில வச்சு நான் சொன்னேனே!"

"மாடியில வச்சு நானும் சொன்னேன். ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்திருக்கீங்க."

"சத்தியம் பண்ணியிருந்தேனே..." என்று மென்று விழுங்கினேன்.

"கீழ போங்க எழுத்தாளரே."

"இல்ல, இந்த வாளியை மட்டும்—"

"வாளி இருக்கட்டும். போங்க."

11

நான் எழுதிய ஆட்களே என்னை வெளியே அனுப்பியது இதுதான் முதல் முறை. கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன், காதைக் கூட வைத்துப் பார்த்தேன். நல்ல தடிமனான கதவு.

கோபமாகத்தான் கீழே இறங்கினேன். அந்த அம்மா போனாரா, நின்றாரா என்று நானே எதையாவது எழுதி முடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். போனதாக ஒரு வரி எழுதினேன். டாக்டரின் முகம் வந்து நின்றது, அடித்தேன். நின்றதாக ஒரு வரி எழுதினேன். காற்றில் தூண்களாக எழும்பும் அந்தக் கைகள் வந்து நின்றன, அதையும் அடித்தேன். இருவரையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதனால் என்னால் முடிக்க முடியவில்லை, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்த அம்மா போகச் சொன்னது என்னை மட்டும்தான். உங்களைச் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் என் பின்னாலேயே வந்த நீங்கள் அந்தக் கூடத்தில்தான் நிற்கிறீர்கள், அவர்கள் பார்க்கவும் இல்லை. அப்படியே இருங்கள். தரையெல்லாம் ஈரம், வழுக்காமல் பார்த்து நில்லுங்கள். டாக்டர் காத்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா இப்போது பதில் சொல்லப் போகிறார்.

கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வந்து மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் அதையும் எழுதிவிடுவேன்.